ஒரு வார்த்தை செய்த வேலை!

9 மணி நேரம் திணறிய டெலிபோன்

1990-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி. பிற்பகல் மணி 2-25.

அமெரிக்காவில் பெட்மின்ஸ்டர் என்ற ஊரில், "ஏ.டி. அண்டு டி." டெலிபோன் கம்பெனியின் கண்காணிப்பு நிலையம். சுவர் நிறையத் திரைகள். திடீரென்று அவற்றில் சிவப்பு அடையாளங்கள் தோன்றின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பரவியது!

வெளியூருக்குப் பேச முயன்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இணைப்பு கிடைக்கவில்லை. கம்பி அறுந்ததா? இல்லை. புயலா? இல்லை. யாரோ சதி செய்துவிட்டார்கள் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

குற்றவாளி ஒரு சிறு வார்த்தை!

மூளை எங்கே இருக்கிறது?

முன்பெல்லாம் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் உட்கார்ந்து, கம்பியைச் சொருகி இணைப்புக் கொடுத்தார்கள். பிறகு அந்த வேலை யந்திரத்துக்குப் போனது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. எந்த அழைப்பை எந்த வழியில் அனுப்புவது என்பதை, அதற்குள் எழுதி வைத்த கட்டளைகள் தீர்மானிக்கும். இன்று "சாப்ட்ஸ்விட்ச்" என்கிறார்களே, அது இதன் வாரிசு. அதில் பேச்சைச் சுமக்கும் கருவி வேறு. வழி சொல்லும் மூளை வேறு.

1989 டிசம்பரில் அந்தக் கம்பெனி தன் 114 பெரிய எக்ஸ்சேஞ்சுகளிலும் கட்டளைகளைப் புதுப்பித்தது. வேலை வேகமாக நடக்கவேண்டும் என்பதற்காகத்தான். அதில் "பிரேக்" என்ற வார்த்தை இடம் மாறிக் கிடந்தது. ஒரு மாதம் யார் கண்ணிலும் படவில்லை.

தொற்று நோய்

அன்று நியூயார்க் எக்ஸ்சேஞ்சில் சிறு கோளாறு. "கொஞ்சம் பொறுங்கள்" என்று மற்ற எக்ஸ்சேஞ்சுகளுக்குச் சொல்லிவிட்டு, தன்னைத் தானே சரி செய்துகொண்டது. சில விநாடிகளில் வேலைக்குத் திரும்பியது. இதுவரை தப்பே இல்லை.

திரும்பியதும் அழைப்புகளை மளமளவென்று அனுப்பியது. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள் இரண்டு செய்திகள் வந்தால், புதிய கட்டளை குழம்பிவிடும். அடுத்த எக்ஸ்சேஞ்சு குழம்பியது. அதுவும் "பொறுங்கள்" என்றது. திரும்பி வந்து இன்னொன்றைக் குழப்பியது. காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளை, அடுத்த பிள்ளையைப் படுக்க வைத்த கதைதான்!

"மாற்று யந்திரம் கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அதிலும் அதே கட்டளைதானே! அதுவும் விழுந்தது.

இன்ஜினீயர்கள் செய்திகளின் நெரிசலைக் குறைத்தார்கள். இரவு 11-30 மணி வாக்கில் நிலைமை சீரானது. பிறகு பழைய கட்டளைகளையே திரும்பப் போட்டார்கள். பிப்ரவரி 14-ந் தேதி கட்டணத்தைக் குறைத்து, வாடிக்கைக்காரர்களைக் கம்பெனி சமாதானப்படுத்தியது.

ஊர் தூங்கும் நேரம்

எக்ஸ்சேஞ்சைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் புதிய கட்டளையை ஏற்றுவார்கள். முதலில் ஒரே ஒரு இடத்தில். சில நாள் அதைக் கவனிப்பார்கள். பிறகுதான் மற்றவற்றில். பழையதை அழிக்கமாட்டார்கள், கோளாறு தெரிந்தால் உடனே அதற்குத் திரும்பவேண்டுமே!

இன்னொரு சோதனையும் உண்டு. நன்றாக ஓடும் யந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்துவார்கள். மாற்று யந்திரம் உடனே எழுந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சில விநாடிகள் அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். டெலிபோனில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.