ஊசி குத்திய பொம்மையும் பெனின் பயணமும்

எட்டாம் வகுப்பில் ஆப்பிரிக்கக் கண்டம் பற்றிய பாடம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சார், வூடூன்னா பொம்மையில ஊசி குத்தி ஆளைக் கொல்றதாமே, நெஜமா?" என்று கேட்டான். ஏதோ சினிமாவில் பார்த்திருக்கிறான். "ஆமாப்பா, அது அந்த ஊரு பில்லிசூனியம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சகாரா பாலைவனத்துக்குப் போய்விட்டேன். வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய தாத்தா எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் சாமியாடி. அவள் தலை குனிந்திருந்ததைப் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

மறு ஆண்டு ஜனவரியில் அந்த வூடூவின் பிறந்த ஊருக்கே போகும் வாய்ப்பு வந்தது. என் மைத்துனர் பண்ருட்டிக்காரர். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டில் முந்திரிக்கொட்டை கொள்முதல் செய்யும் வேலையில் இருக்கிறார். "ஒருமுறை வந்து பாருங்க மாமா" என்று பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். தடையின்மைச் சான்று, ஈட்டிய விடுப்பு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் முடித்துக் கிளம்புவதற்குள் பாதி ஆசையே போய்விட்டது என்பது வேறு கதை.

டோகோவுக்கும் நைஜீரியாவுக்கும் நடுவே, தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் சிறிய நாடு பெனின். 1960 வரை பிரெஞ்சுக் குடியேற்ற நாடு. 1975 வரை தகோமே என்று பெயர். வெண்கலச் சிற்பங்களுக்குப் புகழ்பெற்ற பெனின் அரசு இதுவன்று. அது இன்றைய நைஜீரியாவில் இருந்தது. நானே இரண்டையும் குழப்பிப் பாடம் நடத்தியிருக்கிறேன். தலைநகரின் பெயர் போர்ட்டோ நோவோ. எங்கள் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டைக்கும் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் அதுதான். 'புதிய துறைமுகம்' என்று பொருள்.

கோட்டோனூ நகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உவீடா என்ற கடலோர ஊர். எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல மைத்துனர் தமிழில் சொன்னார். நான் முதலில் கேட்டதே பொம்மையைப் பற்றித்தான். அவருக்கு அலுத்துப்போன கேள்வி போலிருக்கிறது. "அது எங்களுடையதல்ல, அமெரிக்க சினிமாவுடையது" என்றார். இந்தக் கடற்கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் தங்கள் தெய்வங்களையும் ஹெய்ட்டிக்குக் கொண்டுபோனார்கள். 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போய்வந்தவர்கள் எழுதிய கதைகளும், அவற்றைத் தொட்டு வந்த திகில் படங்களும்தான் உலகத்துக்கு 'வூடூ'வை அறிமுகம் செய்தன. பெனினில் அந்தச் சொல் 'வோடுன்'. ஃபோன் மொழியில் தெய்வம், ஆவி என்று பொருள்.

வீட்டு வாசல்களிலும் தெரு முனைகளிலும் எண்ணெய் ஊற்றிக் கறுத்த மண்மேடுகளைப் பார்த்தேன். அவை லெக்பா. எந்த வழிபாடானாலும் முதல் படையல் அவருக்குத்தான். உடனே நான், "எங்கள் பிள்ளையார் மாதிரி" என்றேன். அவர் மறுத்துத் தலையாட்டினார். லெக்பா வழியையும் திறப்பார், ஆளையும் ஏமாற்றுவார்; மனிதர்களைக் குழப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பார் என்றார். அடுத்தது சக்பாதா: மண்ணுக்கும் அம்மை நோய்க்கும் உரிய தெய்வம். மாரியம்மன் நினைவு வந்தது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஒப்பிட்டுச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்தான். ஆனால் ஒப்பிட்டவுடன் 'சரி, நம்ம சாமிதான்' என்று மேற்கொண்டு கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

உவீடாவில் பைத்தான் கோயில் என்று ஒன்று. நஞ்சில்லாத மலைப்பாம்புகள் ஒரு வட்ட அறையில் சுருண்டு கிடக்கின்றன. எதிர்ப்புறமே கத்தோலிக்கப் பேராலயம். காலையில் அங்கே பூசை பார்த்துவிட்டு மாலையில் இங்கே வருவோரும் உண்டாம். 2013 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை வோடுன் சமயத்தவர் என்று பதிந்தவர்கள் 11.6 விழுக்காடுதான். தெருவில் நடந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

நான் போனபோது ஜனவரி 10 அவர்களுக்கு அரசு விடுமுறையாக இருந்தது, வோடுன் திருநாள். அன்று கடற்கரையில் பெருங்கூட்டம், வெள்ளை உடை, ஓயாத பறையொலி. ஆளுயரத்துக்கு மேலான வைக்கோல் போர் போல, நார்களால் ஆன உருவங்கள் சுழன்று ஆடின. அவை சங்பெட்டோ, இரவுக் காவலர்கள். காவல் நிலையங்கள் வருவதற்கு முன்பே ஊரைத் திருடர்களிடமிருந்து காத்தவர்கள். சில கடலோர ஊர்களில் இப்போது அலையாத்திக் காடுகளையும் காக்கிறார்கள். சங்பெட்டோ தடைபோட்ட இடத்தில் யாரும் மரம் வெட்டுவதில்லை.

இந்த விடுமுறை 1990-களில்தான் வந்தது. அதற்கு முன் 1970-களில் ஆட்சியிலிருந்த அரசு, இது மூடத்தனம் என்று வோடுனுக்கு எதிராக இயக்கமே நடத்தியது. "அப்போது நான் பள்ளி மாணவன். வீட்டில் கும்பிடும் தெய்வத்தின் பெயரைப் பள்ளியில் சொல்ல மாட்டேன்" என்றார் அந்த ஆசிரியர். எனக்கு என் வகுப்பு நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றையும் அவர் மெச்சிப் பேசவில்லை. தெய்வத்துக்கென்று நேர்ந்துவிடப்பட்டவர்கள் தங்கிப் பயிலும் இல்லத்துக்கு அங்கே 'கான்வென்ட்' என்றே பெயர்! சிறுவர் சிறுமியர் மாதக்கணக்கில் உள்ளே இருப்பார்களாம், பள்ளிப் படிப்பு நின்றுபோகுமாம். இதற்காகப் பூசாரிகளிடம் பலமுறை நடந்திருக்கிறார். இப்போது அவர் பக்கத்து ஊர்களில் நீண்ட விடுமுறையில் வைத்துக்கொள்கிறார்கள். திட்டிப் பயனில்லை, பள்ளி நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேசினேன் என்றார்.

குறி சொல்பவர் ஒருவரையும் பார்த்தோம். இந்த முறைக்கு 'ஃபா' என்று பெயர். 16 பனங்கொட்டைகளைக் கைமாற்றி, ஒற்றைக் கோடு அல்லது இரட்டைக் கோடு என எட்டு முறை குறிக்கிறார். எட்டு இடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு: மொத்தம் 256 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் கதைகள், பாடல்கள், விலக்குகள். அத்தனையும் மனப்பாடம். எங்கள் கணித ஆசிரியை இதை வைத்து அடுக்குகள் பாடத்தையே நடத்திவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமி வாட்டா என்ற நீர்த்தெய்வத்தின் படத்தில், கையில் பாம்பு பிடித்த பெண் இருப்பாள். அது 1880-களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் விளம்பரப் படம். 1955-இல் நம் பம்பாயில் மறுபடி அச்சாகி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. லட்சுமி, அனுமன் காலண்டர் படங்களும் போய் அங்கே வேறு பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன. பழமையான சமயம் என்றால் மாறாதது என்று நான் எண்ணியிருந்தேன்.

திரும்பி வந்ததும் அதே பிள்ளைகளிடம், இப்போது ஒன்பதாம் வகுப்பு, "போன வருஷம் நான் சொன்னது தப்பு" என்று தொடங்கி இரண்டு பாடவேளை பேசினேன். லெக்பாவின் ஏமாற்று வேலைகளுக்கு நன்றாகச் சிரித்தார்கள். கடைசியில் அந்த மாணவி கை தூக்கினாள்.

"அந்த ஊர்ல சாமி வர்றவங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க சார்?"

"வோடுன்சி. தெய்வத்தோட மனைவின்னு அர்த்தம். ஆம்பளையா இருந்தாலும் அதே பேர்தான்."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். "எங்க தாத்தாகிட்ட சொல்லணும் சார்" என்றாள். பக்கத்திலிருந்த பெண், "உங்க தாத்தா சாமியாடுவாராடி?" என்று கேட்க, அவள் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆமா. ஆடி மாசம் வாங்க, பாக்கலாம்" என்றாள்.