ஏறி இறங்கும் ஊர்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, கடலை ஒட்டி, பொட்சுவோலி என்ற ஊர் இருக்கிறது. அதன் நடுவே ரோமானியர் காலச் சந்தை ஒன்றின் இடிபாடு. அங்கே மூன்று பளிங்குத் தூண்கள் இன்னமும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் 12 மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய நான்கு மாடி. அடியிலிருந்து மூன்றரை மீட்டர் வரை வழுவழுப்பான கல். அதற்கு மேல் இரண்டரை மீட்டருக்கும் சற்று அதிகமான பட்டை முழுக்கத் துளைகள். அதையும் தாண்டினால் மறுபடி வழுவழுப்பு.

துளை போட்டது உளி அல்ல, ஒரு சிப்பி. மத்தியதரைக் கடலில் வாழும் இந்தக் கல்துளைச் சிப்பி ஒரு திரவத்தைச் சுரந்து, சுண்ணாம்புக் கல்லையும் பளிங்கையும் கரைத்து, உள்ளே குடிபுகும். ஐந்து சென்டிமீட்டர் வளரவே அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கடல்நீருக்கு வெளியே அது பிழைக்காது. அப்படியானால் இந்தத் தூண்கள் ஆறு மீட்டர் உயரத்துக்கும் மேலாக, நீண்ட காலம் கடலில் மூழ்கிக் கிடந்திருக்க வேண்டும். அடிப்பகுதியை மண்ணும் சாம்பலும் மூடியிருந்ததால் சிப்பிகளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. சரி, மூழ்கிய தூண்கள் சாயாமல் கொள்ளாமல் எப்படி வெளியே வந்தன?

1750இல் இந்த இடத்தைத் தோண்டியபோது செராபிஸ் என்ற தெய்வத்தின் சிலை கிடைத்தது. கோயில் என்றே நினைத்துவிட்டார்கள். சந்தை என்பது பிறகுதான் தெளிவானது. சிப்பித் துளைகள் அறிஞர்களைப் பாடாய்ப் படுத்தின. ஜெர்மானியக் கவிஞர் கதே, எரிமலைச் சாம்பல் அடைத்துக்கொண்டதால் இங்கே ஒரு குளம் தேங்கியிருக்கும் என்று விளக்கம் சொன்னார். கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் 1828இல் நேரில் வந்து அளந்து பார்த்தார். 1830இல் சார்லஸ் லயல் தமது புவியியல் நூலின் முகப்புப் படமாகவே இந்தத் தூண்களை வைத்தார். கடல்மட்டம் இவ்வளவு உயர்ந்திருந்தால் மத்தியதரைக் கரை முழுவதும் மூழ்கியிருக்குமே! ஆகவே ஏறி இறங்கியது கடல் அல்ல, நிலம் என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் சிப்பி ஓடுகளின் வயதைக் கணித்தவர்கள், இந்த மூழ்கலும் மீளலும் ரோமானியர் காலத்துக்குப் பிறகு மூன்று தடவை நடந்திருப்பதாகக் கண்டார்கள்.

ஊரே ஒரு எரிமலையின் வாய்க்குள் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். எரிமலை என்றதும் நம் மனம் கூம்பு வடிவ மலையைத் தேடும். இங்கே மலை கிடையாது. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பும், பிறகு 15,000 ஆண்டுகளுக்கு முன்பும் நிகழ்ந்த மாபெரும் வெடிப்புகளில் உள்ளிருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டி, மேல்தரை உள்வாங்கிவிட்டது. மிஞ்சியது 12 முதல் 15 கிலோமீட்டர் அகலப் பள்ளம். பாதி நிலத்தில், பாதி கடலுக்கடியில். இதைக் கல்டேரா, அதாவது எரிமலைப் பெருங்குழி என்கிறார்கள். காம்பி ஃப்ளெக்ரேயி என்பது இந்தக் குழியின் பெயர். சுமார் ஐந்து லட்சம் பேர் இதற்குள் குடியிருக்கிறார்கள்.

குழிக்கடியில் வெப்பம் அடங்கவில்லை. ஆழத்துப் பாறைக்குழம்பிலிருந்து கசியும் வாயு, நிலத்தடி நீரைச் சூடாக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. இட்லிப் பானையின் மூடியை ஆவி தூக்குவது போல மேல்தரை தூக்கப்படுகிறது. அழுத்தம் வடிந்தால் தாழ்கிறது. இத்தாலியர்கள் இதை பிராடிசிஸ்மோ என்பார்கள். மெல்லசைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஊரின் நடுவே உயர்வு மிக அதிகம், விலக விலகக் குறைந்து சில கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். சரிவு அத்தனை இலேசாக இருப்பதால்தான் தூண்கள் நின்றபடியே பயணம் செய்தன. பக்கத்து ஊரான பாயாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ரோமப் பேரரசர்களின் உல்லாச மாளிகைகள் இருந்த அந்தக் கரை கடலுக்குள் இறங்கியது, இன்னும் திரும்பவில்லை. இன்று அங்கே முக்குளிப்பவர்கள் நீருக்கடியில் மொசைக் தரைகளைப் பார்க்கிறார்கள்.

மெல்லசைவு வெறும் பழங்கதை அல்ல. 1503இல், அப்போது இப்பகுதியை ஆண்ட ஸ்பெயின் அரசர் ஃபெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும், கடல் விலகி வெளிப்பட்ட நிலத்தைப் பொட்சுவோலிக்கு எழுதிக்கொடுத்தார்கள். யாரும் உழைக்காமல் ஊருக்குச் சொத்து சேர்ந்தது! 1538 செப்டம்பர் 29 அன்று அதற்கான விலை தெரிந்தது. நிலம் பிளந்து, ஒரே வாரத்தில் 130 மீட்டர் உயரக் குன்று ஒன்று முளைத்தது. மோன்டே நுவோவோ, புதுமலை என்ற பெயரோடு அது இன்றும் அங்கே நிற்கிறது.

அதன்பின் நிலம் நெடுங்காலம் பெரும்பாலும் தாழ்ந்துகொண்டே வந்தது. 1969இல் திரும்பவும் எழத் தொடங்கியது. 1970 மார்ச் 2 அன்று, ரியோனே டெர்ரா என்ற பழைய குடியிருப்பிலிருந்து சுமார் 3,000 பேரை அதிகாரிகள் வெளியேற்றினார்கள். வீடுகள் காலியானதால் பின்னாளில் அகழ்வாய்வாளர்கள் அவற்றின் அடியில் இறங்க முடிந்தது. ரோமானியத் தெருக்களும் கடைகளும் ரொட்டி சுடும் இடமும் அப்படியே கிடைத்தன. 1982 முதல் 1984 வரை இன்னொரு எழுச்சி, 1.8 மீட்டர். சராசரியாக நாளொன்றுக்கு இரண்டரை மில்லிமீட்டர்! நில அதிர்வுகள் ஓயாததால் சுமார் 40,000 பேர் வீட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தது. துறைமுகத்தின் அடித்தரையும் சேர்ந்து உயர, மீன்பிடிப் படகுகள் தரைதட்டின. பிறகு நிலம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் இறங்கியது. 2005 முதல் மீண்டும் ஏறுகிறது. 1984இன் உச்சத்தையும் கடந்தாயிற்று.

எனக்கு இதில் பெரிய வியப்பு நிலம் எழுவது அல்ல, எழுந்தும் உடையாமல் இருப்பதுதான். பாறை வளையாது, நொறுங்கும். ஒரு ஆள் உயரத்துக்கு மேலே தள்ளப்பட்டும் இந்த மூடி ஏன் உடனே வெடிக்கவில்லை?

இதற்கு விடை தேட, ரோமானியக் கொத்தனார்களிடம் போக வேண்டும். அந்நாளில் பொட்சுவோலி ரோமின் பெரிய துறைமுகம். எகிப்தின் கோதுமையும் கிழக்கின் சரக்கும் இங்கே இறங்கின. நம் முசிறி மிளகு ரோமுக்குப் போன வழியும் இதுதான். தூய பவுல் இத்தாலியில் இறங்கிய இடமும் இதே ஊர். இங்குள்ள கொத்தனார்கள் ஊரில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தார்கள். சாதாரணச் சாந்து தண்ணீரில் கரையும். இது தண்ணீருக்குள்ளேயே இறுகியது. கட்டடக்கலை நூல் எழுதிய ரோமானியர் விட்ருவியஸ் இந்தப் பொடியைத் தனியே எடுத்துப் பேசுகிறார். சாம்பலும் சுண்ணாம்பும் கடல்நீரும் சேர்ந்து, நுண்ணிய இழைபோன்ற கனிமங்களாகப் பின்னிக்கொள்வதால் கலவை இறுகியதோடு நிற்காமல், காலப்போக்கில் வலுவும் பெற்றது. ஏரோது மன்னன் பாலஸ்தீனக் கரையில் செசாரியா துறைமுகத்தைக் கட்டியபோது, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த இந்த வளைகுடாவிலிருந்து சாம்பலைக் கப்பல்களில் வரவழைத்தான். இன்று நம்மூர் சிமெண்ட் மூட்டைகளில் பி.பி.சி. என்று அச்சடித்திருப்பதில் நடு எழுத்து பொட்சோலானா. இந்த ஊரின் பெயர்தான். சாம்பல் மட்டும் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது.

இனி விடை. டிசியானா வனோரியோ பொட்சுவோலியில் வளர்ந்தவர், 1983இல் ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தவர்களில் ஒருவர். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாறை ஆய்வாளரானார். முன்பு புவிவெப்ப ஆற்றலைத் தேடித் தோண்டிய ஆழ்கிணறுகளின் பாறைத் துண்டுகளை அவர் குழு ஆராய்ந்து 2015இல் வெளியிட்டது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள மூடிப்பாறையில் டோபர்மோரைட், எட்ரிங்கைட் என்ற இழைக் கனிமங்கள் பின்னிக் கிடந்தன. ரோமானியக் கான்கிரீட்டில் உள்ள அதே வகை! ஆழத்தில் வெந்த சுண்ணாம்புப் பாறை சுண்ணாம்பை விடுவிக்கிறது. வெந்நீர் அதை மேலே சுமந்து வருகிறது. அங்கே படிந்திருக்கும் சாம்பலோடு அது கலக்கிறது. கொத்தனார் இல்லாமலே பூமிக்கடியில் வேலை நடக்கிறது. இழைகள் பாறையை இழுவைக்குத் தாக்குப்பிடிக்க வைக்கின்றன. அதனால் மூடி வளைகிறது, உடனே விரிசல் விடுவதில்லை.

எவ்வளவு காலம் வளையும் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஏறி ஏறித் தளர்ந்த மூடி உடையும் நிலையை நெருங்குகிறது என்பது ஒரு சாரார் எச்சரிக்கை. வனோரியோ குழுவோ 2025இல் வேறு கோணத்தைக் காட்டியது: மழைநீர் கீழே இறங்கித் தேங்குவதும் அழுத்தத்தை ஏற்றுகிறது, விரிசல்கள் தாமாகவே அடைபட்டுப் போவதால் அது வெளியேற வழியில்லை. இந்தக் கணிப்பு சரியென்றால், எரிமலையை அடக்க முடியாவிட்டாலும் கீழே இறங்கும் நீரையாவது ஓடைகளைச் சீரமைத்து வேறு பக்கம் திருப்பலாம். நில அதிர்வுக்கு மருந்தாக வடிகால் வாருவதை இதற்கு முன் யாரும் பரிந்துரைத்ததாக நான் படித்ததில்லை.