ஆஸ்பத்திரி கிண்டியில், மருந்து நம்ம அடுப்படியில்



சென்னை கிண்டியில் 2023 ஜூன் 15-ம் தேதி, 1000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு அரசு மருத்துவமனை திறக்கப்பட்டது. இதயம், சிறுநீரகம், நரம்பு நோய்களுக்கு அங்கே சிகிச்சை உண்டு. ஆனால் இந்த நோய்களில் பலவற்றுக்கு வழி விடுவது சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான். அதைத் தடுக்கிற வேலை நம்ம அடுப்படியிலேயே தொடங்கணும்.

எல்லாத்தையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. வாரம் ஒன்றாக மாற்றுவோம்.

முதல் வாரம் - உப்பு: பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

இரண்டாம் வாரம் - தட்டு: பாதித் தட்டு காயும் கீரையும் இருக்கட்டும். சோற்றைக் குறைத்து பருப்பு, பயறு, முட்டையைக் கூட்டுவோம்.

மூன்றாம் வாரம் - ரத்தம்: 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. கம்பு, கீரை, பயறு சாப்பிடுவோம். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நல்லா உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்போம்.

நான்காம் வாரம் - நாம்: எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் மீதியைத் தின்கிறோமே, அதை விடுவோம். குழம்பில் காய் தீர்ந்த பிறகு நமக்கு என்ன சத்து மிஞ்சும்? வீட்டோடு சேர்ந்து உட்கார்ந்து, சமமாப் பங்கிட்டுச் சாப்பிடுவோம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிஞ்சதும், யார் எந்த வாரத்தில் இருக்கோம்னு பேசுவோமா?