படமும் பகுப்பெண்ணும்: காட்சி ஊடகங்களில் கல்விநிலைய நூலகங்கள்

பல்கலைக்கழக நூலகங்களும் கல்லூரி நூலகங்களும் தம் பணிகளை இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலிய காட்சி ஊடகங்களின் வாயிலாக அறிவிக்கும் வழக்கம் பரவி வருகின்றது. அவ்வழக்கம் தமிழாய்வுக்கு எவ்வாறு துணை செய்யும், எவ்விடத்து இடர் விளைக்கும் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

எம்மிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவர், ஒரு நூலின் முதற்பதிப்பு ஆண்டை நிறுவுதற்குத் தம் கைப்பேசியில் வந்த முகப்பேட்டுப் படம் ஒன்றைச் சான்றாகக் கொணர்ந்தார். எழுத்துகள் தெளிவாகவே இருந்தன. ஆயினும் அப்படி எந்நூலகத்தது, முதற்பதிப்போ மறுபதிப்போ என்று அறிதற்குரிய குறிப்பு யாதும் இல்லை. பலர் கைமாறி வந்தமையின் அதனை முதற்கண் வெளியிட்டவர் யார் என்பதும் புலப்படவில்லை. அச்சான்றை ஆய்வேட்டினின்று நீக்க நேர்ந்தது. நூலின் முகம் கண்முன் இருந்தும் நூலை அடையும் வழி அடைபட்டது.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? நூலகம் வெளியிடும் படம் நூலைக் காட்டும் சுட்டாக நிற்றல் வேண்டும். சுட்டுச் சொல்லின் பயன், கேட்போன் சுட்டப்பட்ட பொருளைத் தெளிதலில் உள்ளது. படத்தின் பயனும் அத்தகையதே.

முன்னோர் கண்ட நெறி

நூலகப் பணியை மக்களுக்கு அறிவித்தல் புதுவதன்று. சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலில் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரைச் சென்றடையச் செய்தல் நூலகத்தின் கடமை என்பது அவற்றுள் மூன்றாம் விதியின் கருத்து. அதனை நிறைவேற்றும் வழிகளுள் விளம்பரத்தையும் அவர் சேர்த்துக் கூறினார்.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், எஸ். வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் தொடங்கப்பெற்றது. ஊர்த்தெருவில் வந்த வண்டியே அந்நூலகத்துக்கு விளம்பரம். நூல்களும் அதனுள்ளேயே இருந்தன. கண்டவர் அக்கணமே கையில் எடுத்துப் படிக்கலாம். இன்றோ படம் மட்டும் வாசகரிடம் வருகின்றது; நூல் தொலைவிலேயே இருக்கின்றது. இவ்விடைவெளியை நிரப்புவது படத்தோடு வரும் குறிப்பேயாம்.

நெய்வேலி தரும் விளக்கம்

இக்கருத்தை நெய்வேலியின் வரலாற்றைக் கொண்டே விளக்கலாம். 1935-ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு அமைத்தபோது நீரோடு கரிய துகள்கள் வெளிப்பட்டன. அத்துகள்களால் உலை எரியவில்லை. அவை எவ்விடத்தில் தோன்றின என்பது அறியப்பட்டமையாலேயே பின்னர் ஆராய்ச்சியாளர் வந்து துளையிட்டனர். 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிற்று. கிணற்றின் இடம் அறியப்படாதிருப்பின் அத்துகள்கள் வெறும் வியப்பாகவே எஞ்சியிருக்கும்.

இந்நகரியத்தில் 1998 முதல் நடைபெற்று வந்துள்ள புத்தகக் கண்காட்சியில் நூல்கள் அட்டை மேலாகப் பரப்பப்பட்டிருக்கும். வருவோர் முகம் கண்டு கை நீட்டுவர். கல்விநிலைய நூலகத்திலோ நூலின் முதுகு மட்டுமே தோன்றும்; பழைய பதிப்புகளிற் பலவற்றுக்கு அதுவும் மறுகட்டடத்தால் மறைந்திருக்கும். அம்முகங்களை மீளக் காட்டுதற்குக் காட்சி ஊடகம் ஏற்ற கருவியே.

நெய்வேலியிலிருந்து ஆராயும் மாணவர்க்குச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம் அணித்தே உளது. சென்னையோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ளது. வேண்டிய படி எங்குளது என்பதைப் படத்தின் அடிக்குறிப்பே தெரிவிக்குமாயின், பயணத்திற்குரிய பொருளும் நாளும் வீணாகா.

அயல்நாட்டுச் சான்றுகள்

அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2008 சனவரியில் ஏறத்தாழ 3,000 நிழற்படங்களை ஃபிளிக்கர் தளத்தில் வெளியிட்டது. பார்வையாளர் பலர் படங்களில் உள்ள இடங்களையும் மாந்தரையும் இனங்கண்டு எழுதினர். நூலகத்தார் அவற்றைச் சரிபார்த்து, அவ்வாண்டிற்குள்ளேயே 500-க்கும் மேற்பட்ட பட்டியற் குறிப்புகளைச் செம்மை செய்தனர். பிரித்தானிய நூலகம் 2013 திசம்பரில் பழைய நூல்களினின்று எடுத்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை அதே தளத்தில் அளித்தது. ஒவ்வொரு படத்துக்கும் நூற்பெயரும் பக்க எண்ணும் இணைந்திருந்தமையின், படம் எங்குச் சென்றாலும் தன் நூலுக்கு மீளும் வழி இருந்தது.

நம் நாட்டில் இதற்குரிய வளம் மிகுதி. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டுப் பதிப்புகளும், அவர் 1992-இல் மறைந்தபின், சென்னையில் 1994-இல் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. நாடக அறிவிப்புகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் போன்றவை கண்டவுடன் மனத்தைக் கவர்வன. அச்சு வரலாற்றுக்கும் சான்றாவன.

கொள்ளத்தக்க முறைகள்

1. படத்தின்மேலேயே நூலகத்தின் பெயர், பகுப்பெண், சேர்க்கை எண், பதிப்பாண்டு ஆகியன பொறிக்கப்படுதல் வேண்டும். தனியே எழுதப்படும் விளக்கம் படம் கைமாறும்போது உதிர்ந்துவிடும்.

2. பழைய பதிப்பாயின் அட்டையினும் முகப்பேடே காட்டத்தக்கது. அச்சுக்கூடம், தமிழாண்டு, பதிப்பித்தோர், பொருளுதவியோர் பற்றிய செய்திகள் அதில் காணப்படும்.

3. பட்டியலில் தேடுதல், கட்டடம் செய்த இதழ்த் தொகுதியைக் கேட்டுப் பெறுதல், சோத்கங்காவில் ஆய்வேடு காணுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சிறு காணொளிகளில் காட்டலாம். மாணவர் வினவத் தயங்குவன இவையே.

4. பதிப்புரிமை நீங்காத நூல்களின் உட்பக்கங்களைத் தொடர்ந்து வெளியிடுதல் தகாது. இந்தியாவில் பொதுவாக ஆசிரியர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிலைக்கும்.

5. மூலப்படங்கள் நூலகத்தின் சொந்தச் சேமிப்பில் இருத்தல் வேண்டும். 2020 சூனில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதனையே நம்பியிருந்தோர் தம் பார்வையாளரை ஒரே நாளில் இழந்தனர்.

இனி, இப்பணியின் பயனை அளத்தற்கு விருப்பக் குறிகளின் எண்ணிக்கை போதாது. படத்தைக் கண்டு நூலைக் கேட்டவர் எத்தனை பேர் என்பதை வழங்கு மேசையில் ஒரு பதிவேட்டில் குறித்தாலே உண்மை விளங்கும். ஆயிரவர் கண்டு ஒருவரும் கேளாத படத்தினும், இருபதின்மர் கண்டு இருவர் கேட்ட படம் மேலானது.

மேற்கூறியவற்றால், காட்சி ஊடகம் கல்விநிலைய நூலகத்துக்கு நல்ல வாயில் என்பதும், பகுப்பெண் இன்றேல் அவ்வாயில் நூலிடத்துச் சேர்க்காது என்பதும் பெறப்படும். தமிழ்த்துறையினர் நூலகரோடு அமர்ந்து, வெளியிடத்தக்க பதிப்புகளைத் தெரிந்தும் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தும் உதவுதல் கடன். நாம் இன்று குறிப்பின்றி உலவவிடும் ஒவ்வொரு படமும் நாளை ஓர் ஆய்வேட்டில் பிழையாக வந்து அமரக்கூடும்.