ரிமோட் ஏன் மின்சாரத்தை மறுக்கிறது?

ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் ட்ரோனின் பேட்டரியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். கையில் பிடிக்கும் ரிமோட்டை அந்த அளவுக்கு யாரும் கவனிப்பதில்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பல மணி நேரம் தாங்கும் என்பதால், கல்யாண சீசன் முடிந்து பைக்குள் போன ரிமோட் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தைய இரவுதான் வெளியே வரும். கேபிளைச் செருகிப் பார்த்தால் விளக்கு எரியாது. உடனே ‘பேட்டரி போய்விட்டது’ என்றோ, ‘போர்டு போய்விட்டது’ என்றோ முடிவுகட்டிவிடுவார்கள். இது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. சார்ஜர், கேபிள், செருகுவாய், ரிமோட்டுக்குள் இருக்கும் சார்ஜிங் சில்லு, பேட்டரியோடு ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சுற்று என ஐந்து இடங்களில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் மின்சாரம் செல்லுக்குள் நுழைகிறது. ஐந்தில் எது வேண்டுமானாலும் கதவை மூடலாம். மூடுவதற்குத் தக்க காரணமும் அதனிடம் இருக்கலாம். ஆகவே சார்ஜ் ஏறாத ரிமோட்டைச் செத்துப்போன பொருளாகப் பார்க்காமல், மறுக்கிற பொருளாகப் பார்ப்பதே சரி. எது மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்று வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டு போனால், திருகாணியைத் தொடுவதற்கு முன்பே பல ரிமோட்டுகள் பிழைத்துவிடும்.

முதல் மறுப்பு சார்ஜரிலேயே நிகழலாம். பழைய யூஎஸ்பி ஏ சார்ஜர், எதைச் செருகினாலும் 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். டைப்-சி சார்ஜர் அப்படிக் கொடுக்காது. எதிர்முனையில் இருப்பது மின்சாரம் வாங்கும் சாதனம்தானா என்று முதலில் பார்க்கும். அதற்கு அடையாளமாகச் சாதனத்தின் செருகுவாயில் 5.1 கிலோ ஓம் மதிப்புள்ள சிறு மின்தடை இருக்க வேண்டும். மூட்டையில் அரிசி இருந்தும், கையில் கார்டு இருந்தும், கைரேகை பதியாவிட்டால் ரேஷன் கடையில் பொருள் கிடைக்காததைப் போல, அந்த மின்தடை தென்படாவிட்டால் எவ்வளவு பெரிய சார்ஜராக இருந்தாலும் ஒரு துளி மின்சாரமும் வராது. மலிவான ரிமோட்டுகள் சிலவற்றில் இந்த மின்தடையையே வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். விவரம் தெரிந்த தயாரிப்பாளர்களும் இதில் சறுக்கியதுண்டு. 2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 கணினிப் பலகையில், தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு மின்தடைகளுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் வைத்துவிட்டார்கள். விளைவு, அடையாளச் சில்லு பொதிந்த விலை உயர்ந்த கேபிள்களில் அது இயங்கவில்லை. சாதாரண கேபிளில் இயங்கியது. பின்னர் வந்த பலகைகளில் இதைத் திருத்தினார்கள். ரிமோட் பயன்படுத்துவோருக்கு இதிலுள்ள பாடம் எளியது. இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்றால், ஒரு முனை ஏ ஆக உள்ள பழைய வகைக் கேபிளையும் சாதாரண 5 வோல்ட் அடாப்டரையும் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஏறிவிட்டால் பேட்டரிமீது பழி இல்லை.

‘65 வாட் லேப்டாப் சார்ஜரைப் போட்டேன், அதனால்தான் எரிந்துவிட்டது’ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. முறைப்படி செய்த சார்ஜர் முதலில் 5 வோல்ட்டைத்தான் தரும். சாதனம் பேசிக் கேட்டால் ஒழிய அதற்கு மேல் ஏற்றாது. எவ்வளவு ஆம்பியர் என்பதையும் வாங்குகிற சாதனமே தீர்மானிக்கிறது. ஆபத்து இருப்பது தரமில்லாத போலிச் சார்ஜர்களில்தான். பெரிய சார்ஜரைவிட, சிறிய மூலத்தில் செருகுவதே அதிகம் ஏமாற்றும். கணினியின் சாதாரண யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட் தருவதற்கே வடிவமைக்கப்பட்டது. டிஜேஐ மேவிக் ஏர் 2, மினி 2 ஆகியவற்றுடன் வந்த ஆர்சி-என்1 ரிமோட்டின் பேட்டரி 3.6 வோல்ட், 5200 மில்லிஆம்பியர் மணி. கிட்டத்தட்ட 19 வாட் மணி. கணக்குப் போட்டால், இழப்பு எதுவும் இல்லாவிட்டாலும் அது நிறைய ஏழரை மணி நேரம் ஆகும். ரிமோட்டை அணைக்காமல், மேலே செல்பேசியையும் மாட்டி வைத்திருந்தால் உள்ளே வருவதும் வெளியே போவதும் சரியாகிவிடும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ‘ஏறவே இல்லை’ என்று சொல்லத் தோன்றுவது இயல்புதான்.

அடுத்தது செருகுவாய். டைப்-சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. 24 தொடுமுனைகளும் அதன் இரு பக்கமும் வரிசையாக அமைந்தவை. பைக்குள் கிடக்கும் ரிமோட்டின் துளையில் துணிநார் போய்ச் சேரும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அந்த நார் நாக்கின் அடிப்பக்கம் போய் அமுங்கி, கடைசியில் தக்கை மாதிரி இறுகிவிடும். கேபிளின் உலோக முனை முழுதாக உள்ளே போகாமல் ஒரு நூலளவு வெளியே தெரிவதும், செருகும்போது வழக்கமான ‘க்ளிக்’ உணர்வு இல்லாததும், இலேசாகத் தொட்டாலே கழன்று வருவதும் இதன் அடையாளங்கள். ரிமோட்டை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் ஓரமாக மெல்லக் கிளறினால் நார் உருண்டையாக வெளியே வரும். ஊசியோ குண்டூசியோ கூடாது. ஒரு தொடுமுனை வளைந்தாலும் அதன் பிறகு நிஜமாகவே போர்டுதான் போகும். கடலோரத்தில் பறக்கவிடுகிறவர்களுக்கும், வயலில் மருந்து தெளிக்கிறவர்களுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. உப்பும் மருந்துப் புகையும் படிந்த முனைகள் பச்சை பூத்துவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

வெளிவாசல் மூன்றும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் மறுப்பது உள்ளே இருக்கும் சில்லு. அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: வெப்பம், அடியோடு வறண்ட பேட்டரி. லித்தியம் அயனி செல்லை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழும் சுமார் 45 டிகிரிக்கு மேலும் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. தயாரிப்பாளர்கள் பலர் இதைவிட இறுக்கமாகவே வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த ரிமோட் அந்த மேல்வரம்பை எளிதில் தாண்டிவிடும். பேட்டரியை ஒட்டியிருக்கும் வெப்ப உணரி அதைச் சொன்னதும் சில்லு சார்ஜை நிறுத்திவிடும். நிழலில் அரை மணி நேரம் வைத்தாலே தீர்ந்துவிடும் ‘கோளாறு’ இது. குளிரட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோர்த்துவிடும்.

வறண்ட பேட்டரியின் கதை இன்னும் நுட்பமானது. நிறைந்த செல்லின் அழுத்தம் 4.2 வோல்ட். மாதக்கணக்கில் கிடந்தால், அணைத்து வைத்திருந்தாலும் சொட்டுச் சொட்டாக வடிந்து அது 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் சார்ஜிங் சில்லு முழு வேகத்தில் மின்சாரம் செலுத்தாது. பொழுதுபோக்கு மின்னணுக் கருவிகளில் பரவலாகக் காணப்படும் டிபி4056 சில்லு, 2.9 வோல்ட் வரும்வரை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தைத்தான் கொடுக்கும். இந்தக் கட்டத்தில் ரிமோட்டின் விளக்கை எரியவிடக்கூடத் தெம்பு இருக்காது. பவர்பேங்கில் மாட்டியிருந்தால் விபரீதமாகிவிடும்: இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பார்க்கும் பவர்பேங்குகள் பல, எதுவும் மாட்டவில்லை என்று எண்ணித் தாமாகவே அணைந்துவிடும். அதனால் வறண்ட ரிமோட்டைச் சுவர் அடாப்டரில் மாட்டி, விளக்கு எரியாவிட்டாலும் குறைந்தது அரை மணி நேரம் தொடாமல் விட வேண்டும். சில சில்லுகள் இந்த மெதுவான கட்டத்துக்கும் கெடு வைத்திருக்கின்றன. கெடு முடிந்தால் நின்றுவிடும். கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் புதிதாகத் தொடங்கும்.

‘இவ்வளவு பொறுமை எதற்கு? வேறொரு பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேரடியாகத் தொட்டுத் தட்டி எழுப்பிவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்து ரிமோட் உயிர் பெறுவதும் உண்மைதான். ஆனால் செல்லின் அழுத்தம் மிகக் கீழே போய்விட்டால், அதன் எதிர்மின்முனையில் உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் உலோகமாகப் படிந்து, செல்லுக்குள்ளேயே குறுக்குப் பாலம் போட்டுவிடலாம். சில்லு மறுத்தது இந்த ஆபத்துக்கு அஞ்சித்தான். காவலைத் தாண்டி எழுப்பிய செல், அன்று வேலை செய்துவிட்டு வேறொரு நாள் சார்ஜில் இருக்கும்போது தீப்பிடிக்கலாம். உப்பிய பேட்டரிக்கு இந்த விவாதமே தேவையில்லை. அதைக் குத்தாமல், அழுத்தாமல் எடுத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது சுமத்தியிருக்கின்றன.

இன்னொரு ஆட்சேபம் நியாயமாகவே தோன்றும். பேட்டரி விலை குறைவுதானே, ஐந்து கட்டச் சோதனைக்குப் பதில் புதியதை மாற்றிவிட்டால் என்ன? கேபிளில் இருக்கும் குறையைப் பேட்டரி தீர்க்காது என்பது ஒரு பதில். மாற்றுப் பேட்டரியே புதிய மறுப்பைக் கொண்டுவரலாம் என்பது இன்னொன்று. மூல பேட்டரியில் சிவப்பு, கறுப்பு வயர்களோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய வயரும் வந்தால், அது பெரும்பாலும் வெப்ப உணரிக்கு உரியது. உணரியின் மின்தடை குளிரக் குளிரக் கூடும். இரண்டே வயர் உள்ள மலிவுப் பேட்டரியை மாட்டினால் மூன்றாம் முனை அந்தரத்தில் நிற்கும். மின்தடை எல்லையில்லாமல் உயர்ந்ததாகக் காணும் சில்லு, பேட்டரி உறைபனியில் இருப்பதாக முடிவுகட்டிச் சார்ஜ் தர மறுக்கும். ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் போன்ற 7.4 வோல்ட் ரிமோட்டுகளில் இரண்டு செல்கள் தொடராக இருக்கின்றன. புதியதும் பழையதுமாகக் கலந்து போட்டால் ஒன்று முந்தி நிறைந்து மற்றொன்றின் வழியை அடைத்துவிடும். முழு ரிமோட்டையே மாற்றிவிடலாம் என்றாலும், முழுமையாகத் தயாரான ட்ரோன்களின் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்த பிறகு, வெளிநாட்டு ட்ரோன் வைத்திருப்பவருக்கு அதற்கான ரிமோட் நினைத்தவுடன் கிடைக்கும் சரக்காக இல்லை.

இந்த விசாரணையைச் சுருக்கிவிடும் கருவி ஒன்று உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி மீட்டரைக் கேபிளுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே மாட்டினால் வோல்ட்டும் ஆம்பியரும் தெரியும். திரையே ஒளிரவில்லை என்றால் மறுப்பது சார்ஜர் அல்லது கேபிள். 5 வோல்ட் காட்டி ஆம்பியர் சுழியமாக இருந்தால் செருகுவாயிலோ அதற்கு உள்ளேயோ சிக்கல். 0.1 ஆம்பியரை ஒட்டிக் காட்டினால் வறண்ட பேட்டரி மெல்ல எழுந்துகொண்டிருக்கலாம், காத்திருக்க வேண்டும். 1 ஆம்பியர் அளவில் ஓடியும் சதவீதம் கூடவில்லை என்றால் செல் மூப்படைந்திருக்கலாம். அப்போது பேட்டரியை மாற்றுவதில் தவறில்லை. நல்ல அடாப்டர், நல்ல கேபிள், சுத்தமான துளை, நிழல், அரை மணி நேரப் பொறுமை எல்லாம் கடந்தும் சுழியமே காட்டும் ரிமோட்டைத்தான் சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போக வேண்டும்.

இவ்வளவும் பயனர் தலையில் விழுவது நியாயமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. விழக் கூடாது. சில்லுக்குள் வெப்பம், அழுத்தம், கெடு என எல்லாக் காரணமும் பதிவாகியிருந்தும், பல ரிமோட்டுகள் நான்கு சிறு விளக்குகளை அணைத்து வைத்துவிட்டு ஊமையாக இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து செல்பேசி, கேமரா போன்றவற்றுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியது. துளையின் வடிவம் ஒன்றாவது நல்லதுதான். அதே அக்கறையோடு, ‘வெப்பம் அதிகம்’, ‘கேபிள் பொருந்தவில்லை’ என்று காரணத்தைச் சொல்வதையும் கட்டாயமாக்கினால், நல்ல நிலையில் உள்ள எத்தனையோ சாதனங்கள் குப்பைக்குப் போகாமல் தப்பும். அதுவரை ரிமோட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துச் சார்ஜ் ஏற்றி வைப்பது, வறட்சி என்ற மறுப்பையாவது வராமலே தடுத்துவிடும்.