பார்வையற்ற மாணவர்க்கு மடிக்கணினி: விசைப்பலகையைத் தேர்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் சாலையில் உள்ள பாறசாலை, இஞ்சிவிளை ஆகிய ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கல் நடப்பட்டதேயன்றி மொழிகள் பிரிந்துவிடவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் வழங்கும் குழந்தைகள் இன்றும் இங்கு உளர். அவர்களுள் பார்வையற்ற ஒருவருக்கு மடிக்கணினி வாங்க நேருங்கால், கடைக்கு உடன் செல்பவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். அன்றேல் களப் பணியாளர்.

கடைக்காரர் முதலிற் கூறுவன நினைவகத்தின் அளவும் திரையின் தெளிவுமாம். திரையோ இம்மாணவருக்குப் பயன்படாதது. நினைவகத்தைப் பல கருவிகளிற் பின்னர்ப் பெருக்கிக்கொள்ளலாம். விசைகளின் அமைப்பு ஒன்றே வாங்கியபின் மாற்றவியலாதது; அதனைப் பற்றித்தான் எவரும் வினவுவதில்லை.

திரையிலுள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றி உரைக்கும் மென்பொருள் திரைவாசிப்பான் எனப்படும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' விண்டோஸ் கணினிகளில் விலையின்றிக் கிடைக்கிறது. குனு/லினக்ஸ் கணினிகளுக்கு 'ஆர்கா' உண்டு. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் பெரிதும் வழங்குவதால் இரண்டையும் ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். இவற்றைப் பயன்படுத்துவோர் சுட்டியைத் தொடுவதில்லை. படித்தல், நிறுத்தல், திரும்பக் கேட்டல் ஆகிய அனைத்தும் விசைகளாலேயே நிகழ்வன.

என்.வி.டி.ஏ.வின் கட்டளைகள் இருவகையாக அமைந்துள்ளன. மேசைக்கணினி முறையில் வலப்புற எண்தொகுதி வாசிக்கும் கருவியாகிறது: 8-ஐ அழுத்தினால் நடப்பு வரி, 5-ஐ அழுத்தினால் சொல், 2-ஐ அழுத்தினால் எழுத்து ஒலிக்கும். ஒரு விரலே போதும். மடிக்கணினி முறையிலோ அதே வரியைக் கேட்க என்.வி.டி.ஏ. விசை, ஷிப்ட், முற்றுப்புள்ளி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆகவே எண்தொகுதி உள்ள கருவியே சிறந்தது எனத் தோன்றும். ஆயினும் எண்தொகுதி உள்ள பெரிய கருவியில் எழுத்து விசைகள் இடப்புறம் ஒதுங்குகின்றன. நாள்தோறும் பேருந்தில் சுமந்து செல்வதும் கடினம். தொலைவு செல்லும் மாணவருக்கு 14 அங்குலக் கருவியும், வேண்டும்போது யுஎஸ்பி வழி இணைக்கும் தனி எண்தொகுதியும் ஏற்றவை. எண்பூட்டு விசை அணைந்திருந்தால்தான் அத்தொகுதி வாசிக்கும் என்பதை மறத்தலாகாது.

திரைவாசிப்பானுக்குரிய தனி விசையாக இயல்பில் அமைவது 'இன்சர்ட்'. பல மடிக்கணினிகளில் இது தனியாக இல்லை. இதற்காக ஒரு கருவியை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. 'கேப்ஸ் லாக்' விசையை அதன் இடத்தில் அமர்த்திக்கொள்ளலாம். பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. 'ஹோம்', 'எண்ட்' விசைகள் அம்புக்குறி விசைகளுக்குள் மறைந்திருப்பின், வரியின் தலைக்குச் செல்வதற்கே 'எஃப்.என்.' விசையையும் உடன் பிடிக்க வேண்டும். கட்டுரை எழுதும் மாணவர் இதனை ஒரு நாளில் எத்தனை முறை செய்வார் என்று எண்ணிப் பார்க்கலாம். மேல்வரிசை விசைகள் ஒலி, ஒளி ஆகியவற்றை மாற்றுமாறு அமைக்கப்பட்டிருப்பின் அதுவும் இடரே. அவ்வமைப்பை மாற்றும் இடம் சில கருவிகளில் 'பயாஸ்' திரையில் உள்ளது. அங்குத் திரைவாசிப்பான் பேசாது. பார்வையுள்ள ஒருவர் கடையிலேயே அதனை மாற்றித் தருதல் வேண்டும். 2024 முதல் வரும் புதிய கருவிகள் சிலவற்றில் வலப்புறக் கண்ட்ரோல் விசையின் இடத்தை அல்லது பட்டி விசையின் இடத்தைக் 'கோபைலட்' விசை பிடித்துள்ளது. பட்டி விசைக்கு மாற்றாக ஷிப்ட்டுடன் 'எஃப்10' உதவும்.

தடவி அறிதல் அடுத்தது. 'எஃப்', 'ஜே' விசைகளிலுள்ள மேடுகள் விரலுக்கு நன்கு புலப்பட வேண்டும். மேல்வரிசை விசைகள் நான்கு நான்காகப் பிரிந்திருந்தால் எண்ணாமலே இடம் தெரியும். மின்விசை 'டெலீட்' விசையை ஒட்டியிருப்பின் அதனை ஐயுறுக.

பிரெயில் பயின்ற மாணவர் ஆறு விசைகளை ஒருங்கே அழுத்தி எழுத விரும்பலாம். அதற்குரிய மென்பொருள்கள் உள. ஆயினும் விசைப்பலகையின் உள்ளே விசைகள் நெடுக்கும் குறுக்குமான கம்பிவலையிற் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு நாற்கரத்தின் மூன்று மூலைகளில் அமைந்த விசைகளை ஒருசேர அழுத்தினால், அழுத்தாத நான்காம் மூலையும் அழுத்தப்பட்டதுபோலத் தோன்றும். அம்மயக்கத்தைத் தவிர்க்க மலிவான பலகைகள் சில விசைகளை ஏற்பதில்லை. 'எஸ்', 'டி', 'எஃப்', 'ஜே', 'கே', 'எல்' ஆகிய ஆறும் ஒருங்கே பதிவாகின்றனவா என்பது கடையில் சோதித்தறிய வேண்டியது. விளம்பரத் தாளில் இது காணப்படாது.

எல்லைப்புற மாணவருக்கு ஒரு நற்பேறு உண்டு. இந்திய மொழிகளுக்குப் பொதுவான 'இன்ஸ்கிரிப்ட்' அமைப்பில் ஒத்த ஒலிகள் ஒரே விசையில் அமைகின்றன. 'கே' விசை தமிழில் 'க', மலையாளத்திலும் அதுவே. மேடுள்ள 'ஜே' விசை இரண்டிலும் 'ர'. ஷிப்ட்டுடன் 'பி' விசையை அழுத்தினால் இரு மொழிகளிலும் 'ழ' எழும். 1951-இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலும் இவ்வாறே ஓரொலிக்கு ஒரே புள்ளித்தொகுதி என்னும் நெறியைத் தழுவியதாகலின், புள்ளிகளால் இரு மொழிகளைக் கற்றவருக்கு இம்முறை எளிதில் கைவரும். தமிழ் மட்டுமே எழுதுவோர்க்குத் 'தமிழ்99' விரைவாயிருக்கலாம். பாறசாலை மாணவருக்கு இன்ஸ்கிரிப்டே தக்கது. விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்த மொழி மாறும். குரலை மாற்றுவதற்கோ மடிக்கணினி முறையில் என்.வி.டி.ஏ. விசை, கண்ட்ரோல், ஷிப்ட், அம்புக்குறி ஆகிய நான்கும் வேண்டும். அம்புக்குறி விசைகள் அரையளவாய்ச் சிறுத்திருக்கும் பலகையில் இதன் தொல்லை இருமொழியாளருக்கே மிகுதி.

என்.வி.டி.ஏ.வை நிறுவாமல் ஒரு பென்டிரைவிலிருந்தே இயக்கலாம். கடைக்காரர் அதனை ஏற்காவிடின், விண்டோஸிலேயே உள்ள 'நரேட்டர்' விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தப் பேசத் தொடங்கும். மாணவரே கால் மணி நேரம் எழுதியும் கேட்டும் பார்க்கட்டும். உடன் சென்றவர் அப்போது விசைகளைக் காட்டிக் கொடுத்தலாகாது. உள்ளாட்சி நிதியில் வாங்குவதாயின், ஒப்பந்தப்புள்ளிக்குரிய பட்டியலில் 'தனித்த ஹோம், எண்ட் விசைகள். முழு அளவு அம்புக்குறி விசைகள்' என்னும் ஒரு வரியைச் சேர்க்குமாறு களப் பணியாளர் முன்னதாகவே எழுதித் தரலாம்.