உங்களுக்குத் தெரியுமா? விடியற்காலை ஓட்டத்துக்கு ரெண்டே ரெண்டு பூவன்பழம்!

ஜெயங்கொண்டம்! பேரிலேயே ஜெயத்தை வைத்திருக்கும் ஊர்! இங்கே போலீஸ் வேலைக்குத் தயாராகும் தம்பிகள் கோழி கூவும் முன்னே மைதானத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஆண்களுக்கு வைக்கும் கணக்கு என்ன தெரியுமா? 1,500 மீட்டர். 7 நிமிடம். அவ்வளவுதான்!

அந்த 7 நிமிடத்துக்கு முன்னால் வயிற்றுக்குள் என்ன போகணும்? தேடித் தேடி அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். பிடியுங்கள்!

60 கிலோ எடையுள்ள ஒருவர் 1 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது சுமார் 60 கலோரி. அப்படியானால் 1,500 மீட்டருக்கு? வெறும் 90! நடுத்தர மோரிஸ் வாழைப்பழம் ஒன்றிலேயே சுமார் 105 கலோரி இருக்கிறது. ஒரு பழத்தின் காசுக்கு முழுத் தேர்வையும் ஓடி முடித்து மிச்சமும் வாங்கலாம்!

ஜெயங்கொண்டத்தில் கிளம்பி கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வரை ஓடுகிறீர்களா? சுமார் 10 கிலோமீட்டர். 600 கலோரி. பழக் கணக்கில் ஆறே ஆறு!

நாம் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை! ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு மட்டும் வேண்டும். கல்லீரலின் சேமிப்போ சுமார் 100 கிராம்தான். விடியும்போது அதில் பெரும்பகுதி காலி! ஆனால் தசைகளில் சுமார் 400 கிராம் அப்படியே பத்திரமாக இருக்கும். அரை மணி நேரம் மெதுவாக ஓடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பியும் தாக்குப்பிடிப்பது இதனால்தான்!

2012-இல் அமெரிக்காவில் ஒரு போட்டி. வாழைப்பழமா, பாட்டிலில் விற்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கா? 14 சைக்கிள் வீரர்கள், 75 கிலோமீட்டர், 15 நிமிடத்துக்கு ஒரு முறை அரைப் பழம். முடிவு? ரெண்டும் சரிசமம்! டீக்கடை வாசலில் தாரோடு தொங்குகிற பழத்தை இனி மரியாதையாகப் பாருங்கள்!

வாழைக்கென்றே நாட்டுக்கு ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் உண்டு. எங்கே? டெல்லியில் இல்லை. பக்கத்துத் திருச்சியில்! 1993-லிருந்து!

இப்போது நம் ஊர்ப் பெருமைக்கு வருவோம். முந்திரி! ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் எங்கே திரும்பினாலும் முந்திரிக்காடுதான். கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடலாமா? கூடவே கூடாது! 100 கிராம் பருப்பில் சுமார் 44 கிராம் கொழுப்பு. கொழுப்பு வயிற்றை விட்டு நகர நேரம் பிடிக்கும். வேகமாக ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம் எவ்வளவு குறையும் தெரியுமா? 80 சதவீதம் வரை! ரத்தமெல்லாம் காலுக்குப் போய்விட்டால் முந்திரியை யார் செரிப்பது? பருப்பை ஓடிவிட்டு வந்து சாப்பிடுங்கள்!

ஆனால் முந்திரிப்பழம் வேறு கதை! ஆரஞ்சைவிட சுமார் 5 மடங்கு வைட்டமின் சி! காட்டில் சீந்துவாரில்லாமல் கொட்டிக் கிடக்கிறதே, அதே பழம்தான். கடித்தால் தொண்டை காறும், சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. உப்பு தொட்டுத் தின்ற ருசி மட்டும் நாக்கைவிட்டுப் போகவே போகாது! இவ்வளவு சொந்தம் கொண்டாடுகிறோமே, இந்த மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது!

நீராகாரம்! ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் தெளிவை வடித்து, கல் உப்பு ஒரு சிட்டிகை போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரே மடக்கு. வயலுக்குப் போகிற தாத்தாவின் ஆகாரம் இது. இதற்குள் ஒளிந்திருக்கிற ரகசியத்தை ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி உலகத்துக்குச் சொன்னது 1960-இல்தான். உப்பும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டுதான் குடல் சுவரைத் தாண்டுகின்றன, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு! அரிசிமாவையே வைத்து உப்புக்கரைசல் செய்து வங்கதேசத்தில் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வேலை செய்தது! உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, 1 லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு. நம் அப்பத்தாவுக்கு? மூன்று விரல் நுனி!

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். பாலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்! ஆனால் கூழ் வயிற்றில் கனமாக உட்காரும். நார்ச்சத்து ஜாஸ்தி. அதனால் ஓட்டம் முடிந்ததும் ஒரு சொம்பு!

இதை நம்பவே மாட்டீர்கள்! விழுங்கவே வேண்டாம், வாயில் வைத்துக் கொப்பளித்தாலே வேகம் கூடும்! 2004-இல் இங்கிலாந்தில் செய்து பார்த்தார்கள். மாவுச்சத்துக் கரைசலை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்கள் சுமார் 3 சதவீதம் சீக்கிரம் முடித்தார்கள். வயிற்றுக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை! வாய்க்குத் தெரிந்தாலே மூளைக்குத் தெம்பு!

காபி குடித்துவிட்டு ஓடினால் தடையா? 2003 வரை சிறுநீரில் காஃபின் அளவு மீறினால் ஊக்கமருந்துக் குற்றம்! 2004 ஜனவரி 1 முதல் பட்டியலிலேயே இல்லை. குடித்த முக்கால் மணி நேரத்தில் உச்சிக்கு ஏறிவிடும்!

கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்கள் சாப்பாட்டில் மாவுச்சத்து எவ்வளவு? 76.5 சதவீதம்! சோளமாவுக் களியும் சர்க்கரை போட்ட பால் டீயும்தான் அவர்கள் பலம். களியும் டீயும் நமக்குப் புதுசா என்ன!

2019 அக்டோபர் 12, வியன்னா. அதே கென்யாவின் ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். காலையில் என்ன சாப்பிட்டார்? ஓட்ஸ் கஞ்சி! கஞ்சி ஜெயித்தது ஐயா!

மெக்சிகோவின் தராஹுமாரா மக்கள் வறுத்த மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு மலை ஏறி ஓடுவார்கள். 1993-இல் அமெரிக்காவின் லெட்வில் மலைகளில் 160 கிலோமீட்டர் ஓட்டத்தில் அவர்களில் ஒருவர்தான் முதலிடம். காலில் டயர் செருப்பு. வயது 55!

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான். கியூபாவைச் சேர்ந்த பெலிக்ஸ் கார்வஹால் பசி தாங்காமல் வழியில் தோட்டத்தில் இருந்த ஆப்பிள்களைத் தின்றார். அழுகல் ஆப்பிள்! வயிற்றைப் பிசைந்து எடுத்தது. படுத்தே விட்டார். எழுந்து மறுபடி ஓடி, பிடித்த இடம் நான்காவது! அந்த ஆப்பிள் மட்டும் இல்லாதிருந்தால் ஒரு பதக்கம் வந்திருக்காதா!

அதனால் தம்பி, தங்கைகளே! தேர்வு நாள் காலையில் யார் எதை நீட்டினாலும் புதுசாக ஒன்றையும் வாயில் போடாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னால் ரெண்டு பூவன்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். அதையும் பயிற்சி நாட்களிலேயே சாப்பிட்டு ஓடிப் பழகிக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே தொடங்குங்கள்!